குடை மடக்கிய பகல்

கொள்ளி வைக்கத் தீ இல்லாத ஊரில் மனிதன் சாகக்கூடாது. தன் கணவர் காய்ச்சலில் கண்ணை மூடிய அன்றுதான் ஆவுடையம்மாளுக்கு இது உறைத்தது. அதுவரை அவளும் ஊராரைப் போல நடுப்படையையும் அவர்கள் நட்ட குடையையும் கையெடுத்துக் கும்பிட்டவள்தான்.

குடை என்றால் துணிக்குடை அல்ல. வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே ஆற்றுத் திட்டில், தென்னையைவிட உயரமாக நின்ற ஒரு கம்பம். மறுநிலம் என்ற இந்த உலகில் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், மதகுத் தண்ணீருக்காக இரண்டு கரையாகப் பிரிந்து சுட்டுக்கொண்டு மடிந்தபோது, வேற்றுலகங்களிலிருந்து வந்த நடுப்படை அதை நட்டது. அது விழித்திருக்கும்வரை அதைச் சுற்றிலும் எந்தப் பொறியும் பற்றாது. துப்பாக்கியின் விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஏழு வருஷத்துப் போர் ஒரே காலையில் வாயடைத்து நின்றது. அன்றைக்கு ஜனங்கள் வாசலில் உட்கார்ந்து, காரணம் சொல்லத் தெரியாமல் அழுதார்கள்.

அடுப்பும்தான் பற்றவில்லை. அதற்கு வழி கிடைத்தது. சூரியத் தட்டில் சோறு வேகவைக்கப் பழகினார்கள். கோயிலில் கற்பூரம் கொளுத்த முடியவில்லை. பூசாரி தட்டில் பூவை வைத்துச் சுற்றினார், அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. பிணத்துக்குத்தான் வழி இல்லாமல் போயிற்று. இரண்டு கரையாருக்கும் புதைக்கும் வழக்கம் கிடையாது. மண்ணுக்குள் வைத்தால் உயிர் வேர்பிடித்து இங்கேயே தங்கிவிடும் என்று நம்பினார்கள். அவர்கள் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். ஆகவே இரண்டு கரையின் பிணங்களும் நடுப்படை முகாமின் குளிர் அறையில், ஒரே கூரையின் கீழ், தீக்காகக் காத்துக் கிடந்தன. சமாதானப் பேச்சு முடிந்ததும் எரிக்கலாம் என்றார்கள். பேச்சு முடிந்தபாடில்லை.

நடுப்படைத் தலைவி நோமா ஒரு காலையில் வடகரைக் கோயில் முற்றத்துக்கு வந்தாள். தமிழை இயந்திரத்திடம் படித்தவள். கல்வெட்டு எழுந்து வந்து பேசுவதுபோல இருக்கும் அவள் பேச்சு.

"தாய்மார்களே, பெரியோர்களே! ஒரு நாள், நண்பகல் முதல் அந்தி வரை, குடையை மடக்க எண்ணியுள்ளேன். இரு கரையினரும் தத்தம் மடிந்தோரை எரியூட்டலாம்."



"உங்க மேலிடத்துல சம்மதிச்சிட்டாவளா?" என்று பூசாரி கேட்டார்.

"கேட்டேன். மறுத்தார்கள். மீண்டும் கேட்கப் போவதில்லை."

"அப்போ உங்க வேலை போயிருமேம்மா."

"போகும்," என்றாள் நோமா, நாளைக்கு மழை வரும் என்பதுபோல.

தூணில் சாய்ந்து நின்ற ஆவுடையம்மாளின் மகன் கொம்பையா நிமிர்ந்தான். "குடை மடங்கினா தென்கரைக்காரன் துப்பாக்கியும் வெடிக்கும்லா? எங்கள வரிசையா நிக்கவச்சுச் சுடவா?"

"தங்களுடையதும் வெடிக்கும். ஆகையால் ஒரு நிபந்தனை. ஆற்று மணலுக்குப் பெண்கள் மட்டுமே வரவேண்டும். ஆண்கள் கரைமேல் நிற்கட்டும். தென்கரையிலும் அவ்வண்ணமே."

"பொம்பளையா? சுடுகாட்டுக்கா?" என்று சீறினாள் வடிவு. அவள் ஆவுடையம்மாளின் நாத்தனார்; ஒரே பிள்ளையைத் தென்கரைக் குண்டுக்குக் கொடுத்தவள். "எங்க ஊருல எந்தப் பொம்பளையும் தெருமுனையத் தாண்டிப் பொணத்துக்குப் பின்னால போனது கிடையாது. தெரியுமா உனக்கு?"

"அறிவேன், அம்மையே. துப்பாக்கி ஏந்தியவரும் ஆண்களாகவே இருக்கிறார்கள். அதையும் அறிவேன்."

"எல்லாத்தையும் அணைச்ச உன் குடை என் வயித்தெரிச்சல அணைக்கலியே!"

நோமா அதை நேராகவே எடுத்துக்கொண்டாள். "உடலுக்குள் எரிவது மெதுவான தீ. குடை விரைவான தீயை மட்டுமே தடுக்கும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். வடிவுக்கே உதடு ஒரு கணம் கோணிற்று. ஆனால் நோமா சிரிக்கவில்லை. "இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு குண்டு வெடித்தாலும் நான் குடையை விரிப்பேன். கண் இமைப்பதற்குள் எல்லாத் தீயும் அணையும். பாதி எரிந்த உடல்கள் அப்படியே கிடக்கும், இரு கரையிலும். இதைத் தென்கரையிலும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்."



"நல்லாருக்கு உங்க சமாதானம்," என்றாள் வடிவு. "கையைக் கட்டிப்போட்டுட்டு, பாரு, எவ்வளவு சாதுவா இருக்காம்னு சொல்லுத மாதிரி."

"உண்மை. கட்டத்தான் எங்களால் முடியும். அவிழ்த்த பின்னும் கை ஓங்காமல் இருப்பது தங்களால் மட்டுமே ஆகும். அது ஆகுமா ஆகாதா என்று அறியாமல் நான் ஊர் திரும்ப விரும்பவில்லை."

ஆவுடையம்மாள் அதுவரை பேசவில்லை. பேசி அறியாதவள். "நான் வாரேன்," என்றாள். அவள் வருவதாகச் சொன்னபின் மற்றவர்கள் வீட்டில் இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் கொம்பையா துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக மூலையில் கிடந்ததைத் துடைக்கத் துடைக்க அது புதுப்பெண்போல மின்னியது. ஆவுடையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சுடமாட்டேன்னு சொல்லுய்யா."

"முதல்ல சுடமாட்டேன்."

"அது போதாது."

"எம்மா, அவனுவ ஏதாவது ஏமாத்து வேலை பண்ணினா? எல்லாப் பயலுவளும் ஒரு சாக்குக்குத்தான் காத்துக்கிட்டிருக்கானுவ. எனக்கு மட்டும் ரத்தம் இல்லியா?"

அவள் அவன் முதுகில் கைவைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. சண்டை மூண்டால் முன்வரிசையில் ஓடுகிறவன் இவன். நெஞ்சுக்குள் அம்மனைக் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரரைச் சுட்டெடுக்கத்தான் தீ கேட்டேன் தாயே, என் பிள்ளையையும் சேர்த்துக் கேட்டதாக எடுத்துக்கொள்ளாதே.

குறித்த நாளில், பொழுது விடிந்ததுமே ஆண்கள் மணலில் சிதை அடுக்கிவிட்டுக் கரைமேல் ஏறினார்கள். நடுப்படையினர் பிணங்களைக் கொண்டுவந்து ஒவ்வொரு சிதையிலும் கிடத்தினார்கள். எல்லாம் வெள்ளைத் துணியில் முகம் மூடிச் சுற்றியவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்ச் சீட்டு. ஆற்றுக்கு அப்புறம் தென்கரை மணலிலும் அதேபோல வரிசை, அதேபோல வெள்ளை, அதேபோலத் தயங்கித் தயங்கி இறங்கிவரும் பெண்கள். ஆறு கோடைக்கு மெலிந்திருந்தது. உரக்கக் கூப்பிட்டால் அங்கே கேட்கும்.

உச்சிப்பொழுதில் நோமா தன் கைக்கருவியை அழுத்தினாள். திட்டில் நின்ற கம்பத்தின் ரீங்காரம் நின்றது. இரண்டு வருஷமாக இடைவிடாமல் காதில் இருந்த சத்தம் அது. நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

நோமா ஒரு தீக்குச்சியை உரசினாள். பற்றிக்கொண்டது.

பெண்கள் அந்தச் சின்னச் சுடரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதே நேரம் பின்னால், கரைமேல், வரிசையாகத் துப்பாக்கிகளின் தாழ் நகரும் ஒலி கேட்டது. எதிர்க்கரையிலும் கேட்டது.

"சீக்கிரம் ஆவட்டும்," என்றாள் வடிவு.

ஆவுடையம்மாள் வாய்க்கரிசியை இடக்கையில் ஏந்திக்கொண்டு, வலக்கையால் தன் கணவரின் முகத்துணியை விலக்கினாள்.

அது அவள் கணவர் அல்ல.

ஏறக்குறைய அதே வயது, அதே நரைத்த மீசை. ஆனால் நெற்றி வேறு, தாடை வேறு. காதில் வெள்ளைக்கல் கடுக்கன். வடகரை ஆண்கள் காது குத்துவதில்லை. குத்துவது தென்கரையார்.

தொண்டை வரை வந்த அலறலை அவள் எப்படி விழுங்கினாள் என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம். இவர் இங்கே இருந்தால் அவர் எங்கே? ஆற்றைப் பார்த்தாள். அந்த வெள்ளைகளில் ஏதோ ஒன்றினுள், முகம் தெரியாத பெண்களின் நடுவில். இங்கே வாயைத் திறந்தால் போதும். பிணத்தை மாற்றிவிட்டார்கள், ஏமாற்றிவிட்டார்கள். கரைமேல் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"என்ன மதினி, அரிசியக் கையில வச்சிக்கிட்டு நிக்கிய?" என்று வடிவு கிட்டே வந்தாள். "நவுருங்க, எங்க அண்ணனை நான் ஒருதரம் பாக்கணும்."

ஆவுடையம்மாள் துணியை இழுத்து மூடப் பார்த்தாள். வடிவு அதற்குள் குனிந்துவிட்டாள். குனிந்தவள் நிமிரவில்லை. அவள் கண் அந்தக் கடுக்கனில் போய் நின்றது.

"எம்மா!" கரைமேலிருந்து கொம்பையாவின் குரல். "என்னம்மா அங்கன? ஏன் நிக்கிய?"

அவன் எழுந்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். உடனே எதிர்க்கரையில் வரிசையாகத் தலைகள் உயர்ந்தன.

ஆவுடையம்மாள் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.  இந்தக் கையில்தான், குண்டு துளைத்த மகனின் தலையை ஏந்திக்கொண்டு வடிவு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன என்று கேட்பது?

வடிவு மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். பிறகு சின்னக் குரலில், "முகமெல்லாம் ஐஸ் தண்ணி வடியுது மதினி. ஒருத்தரும் துடைச்சுவிடல," என்றாள். தன் முந்தானையின் நுனியை எடுத்தாள். கண்குழியில், மீசையில், காதோரத்தில் நின்ற நீரை ஒற்றி எடுத்தாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிறவள்போல, காது மடலுக்குப் பின்னாலும் துடைத்தாள். துடைத்து முடித்து, கடுக்கன் தெரியாதபடி துணியை இழுத்துவிட்டு, கரைக்குக் கேட்கும்படி மார்பில் அறைந்துகொண்டாள்.

"அண்ணே! என்னை விட்டுப் போனியே அண்ணே!"

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

நோமா அருகே வந்தாள். "ஏதேனும் பிழையா, அம்மையே?"

ஆவுடையம்மாள் துணியின் ஓரத்தைச் சற்றே விலக்கிக் காட்டினாள். நோமா பெயர்ச் சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"மடிந்தோரின் தலை தெற்கு நோக்கி இருக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் வடக்கு நோக்கிக் கிடத்தியிருந்தோம். தவறல்லவா என்று ஒருநாள் அனைவரையும் இறக்கித் திருப்பிக் கிடத்தினோம். சீட்டுகள் அப்போது குளிர் அறைத் தட்டுகளில் இருந்தன, உடலில் இல்லை. அன்றுதான் இருவர் இடம் மாறியிருக்க வேண்டும்." அவளுடைய கல்வெட்டுத் தமிழ் முதல்முறையாக உடைந்தது. "நல்லது செய்வதாக நினைத்தேன். நிறுத்தி விடட்டுமா?"

"நிறுத்தினா என்ன ஆவும்னு உனக்கே தெரியும்லாம்மா."

"அக்கரையில் என் ஆளுக்குச் சொல்லட்டுமா?"

ஆவுடையம்மாள் யோசித்தாள். "வேண்டாம். அங்க இன்னும் முகத்தைப் பாக்கலைன்னா, பாக்காமலே போவட்டும். நாம வாயால சொல்லி மூட்டிவிட வேண்டாம்."

அவள் அந்த அந்நியரின் வாயில் அரிசி இட்டாள். குளிர்ந்த உதடு. யாருடையவராக இருந்தாலும் நீ பெற்றது தாயே, சேர்த்துக்கொள், என்று மனத்துக்குள் சொன்னாள். பிறகு பந்தத்தை வாங்கி, எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தாள். விறகு முதலில் புகைந்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது.

தென்கரையிலும் ஒவ்வொன்றாகப் புகை எழுந்தது. ஒவ்வொன்றாக, எல்லாச் சிதையும். ஒன்றைத் தவிர.

வரிசையின் நடுவில் ஒரு சிதை மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. அதைச் சுற்றிப் பெண்கள் நெருங்கி நின்றார்கள். கரைமேல் இருந்த தென்கரை ஆண்கள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; ஒருவன் பாதிச் சரிவு வரை இறங்கிவிட்டான்.  அங்கே யார் கிடக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். நோமாவுக்கும் தெரியும், அவள் கட்டைவிரல் கைக்கருவியின் மேல் ஏறியது.

பிறகு அந்தப் பெண்கள் கூட்டம் விலகிற்று. அங்கிருந்தும் ஒரு புகை எழுந்தது, மெலிதாக, நேராக. இறங்கியவன் திரும்பி மேலே ஏறினான்.

பார்த்தார்களா, பார்க்காமலே வைத்தார்களா? ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. தன் மனிதர் அக்கரையில் புகையாவதைப் பார்த்துக்கொண்டே, இக்கரையில் இன்னொருத்தி மனிதருக்கு விறகு தள்ளினாள்.

பகல் சாயத் தொடங்கியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டப்!

இரண்டு கரைமேலும் ஆண்கள் ஒரே கணத்தில் தரையோடு படுத்தார்கள். கொம்பையாவின் துப்பாக்கி தோளுக்கு ஏறியது. எதிரே நூறு குழாய்கள் வெயிலில் பளிச்சிட்டன. நோமா கைக்கருவியின் விசையில் விரலை வைத்துவிட்டாள்.

படுக்காமல் நின்றவர்கள் சிதையருகே இருந்த பெண்கள்தான். பொறி எந்தச் சிதையிலிருந்து தெறித்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். தென்கரையிலிருந்து ஒரு பெண்குரல் பீறிட்டு வந்தது:

"வெறகு! வெறகு வெடிக்குய்யா! சுட்டிராதிய!"

வடிவு இந்தப் பக்கம் இரண்டு கையையும் விரித்துக் கரையைப் பார்த்து ஓடினாள். "வெறகுலே! ஈர வெறகு! தீ எப்படிப் பேசும்னே மறந்துபோச்சா உங்களுக்கு?"

அதுதான் உண்மை. இரண்டு வருஷமாக அடுப்பில் விறகு வெடித்துக் கேட்டிராத காதுகள். அவற்றுக்குத் தெரிந்த வெடி ஒன்றே ஒன்றுதான். இன்னொரு கணு டப் என்றது. இம்முறை யாரும் படுக்கவில்லை. கொம்பையா துப்பாக்கியை இறக்கி, சுவரில் சாத்துவதுபோலத் தன் காலில் சாத்திவைத்தான். எதிர்க்கரையில் யாரோ பதற்றம் தாளாமல் வாய்விட்டுச் சிரிப்பது ஆற்றைத் தாண்டி வந்தது. நோமா விரலை எடுத்தாள். 

அந்தி இறங்கியபோது சிதைகள் கங்காகி இருந்தன. இனி அணைய வேண்டிய தீ எதுவும் இல்லை. குடையை விரிக்க வேண்டிய நேரம் வந்து, தாண்டியும் போயிற்று. நோமா விரிக்கவில்லை, விரிக்கச் சொல்லி எந்தக் கரையிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

அவளுடைய பேசும் கருவி கரகரத்தது. சற்றுக் கேட்டுவிட்டு, அதை ஆவுடையம்மாளிடம் நீட்டினாள். "அக்கரையிலிருந்து ஓர் அம்மையார். இங்கே துணியை விலக்கித் தயங்கி நின்றவரிடம் பேசவேண்டுமாம்."

ஆவுடையம்மாள் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். அதற்குள்ளிருந்து புகையில் கட்டிப்போன ஒரு குரல் வந்தது.

"எக்கா, எங்க வீட்டுக்காரரு அங்க உங்ககிட்ட வந்துட்டாருன்னு நினைக்கேன். நல்லபடியா எரிஞ்சுதா?"

ஆவுடையம்மாள் சிதையைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லபடியா எரிஞ்சுதும்மா. என் நாத்தனா முகம் துடைச்சு, நான் அரிசி போட்டேன். ஒரு குறையும் இல்ல." பிறகு கேட்டாள், "உனக்கு... முதல்லயே தெரியுமா?"

"துணிய விலக்கினதும் தெரிஞ்சுது. என் தம்பி பாதி தூரம் இறங்கி வந்துட்டான், ஏன் நிக்கன்னு. அரிசி கொட்டிப்போச்சு, பொறுக்குதேன்னு சொல்லி அனுப்பினேன். அக்கா, நான் கொள்ளி வச்சுட்டேன். பொழுதெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். நாளைக்கு எலும்பு பொறுக்கும்போது பேரு சொல்லிக் கூப்பிடணும்லா? யாருன்னே தெரியாம எப்படிக் கூப்பிட? அவரு பேரு என்ன?"

முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் ஆவுடையம்மாள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் மகனைக் கைகாட்டி, இவனுடைய அப்பா என்பாள். கோயிலில் சாமிக்கு அந்தப் பெயர் வரும் இடத்தில் வாயை மூடி மனத்தால் தாண்டிப்போவாள். வடிவு பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொல்லட்டுமா என்று கை நீட்டினாள். ஆவுடையம்மாள் தலையை அசைத்து மறுத்தாள்.

கருவியை வாயருகே கொண்டுபோனாள்.

"தாண்டவராயன்," என்றாள்.

அக்கரையில் அந்தப் பெயர் ஒருமுறை மெல்லத் திரும்பச் சொல்லப்பட்டது, சரியாகச் சொல்கிறேனா என்று கேட்பதுபோல.

"சரிதாம்மா," என்றாள் ஆவுடையம்மாள். "இப்ப உங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லு."